மாடலில் உள்ளே போன வண்டி

என் கணவன் ஹென்னிங் இன்றுவரை ஒரு நெருப்பைக்கூட அணைத்ததில்லை. கிறிஸ்துமஸ் மாத மெழுகுவத்திகளையே நான்தான் ஊத வேண்டும். புகை கீழே இறங்கி, காய வைத்த பெயின்ட்டில் படிந்துவிடும் என்று அவன் நிலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த நிலவறையில் நானூறுக்கு மேல் தீயணைப்பு வண்டிகள் நிற்கின்றன. ஏணி வண்டி, தண்ணீர் வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன், வெள்ளத்துக்குப் போகும் படகு என்று எதுவும் பாக்கியில்லை. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு வண்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் பின்பக்கப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சுருட்டி வைத்த குழாய் இருக்கும், குழாயின் நுனியில் பித்தளை நிறமும் இருக்கும். அந்தப் பித்தளை நிறத்துக்காக அவன் எங்கள் கல்யாண நாளை மறந்திருக்கிறான், ஒரு தடவை அல்ல.

நான் நிஜ வண்டி ஓட்டுகிறேன். எங்கள் ஓஸ்டர்வேடே சின்ன ஊர். வடக்கு ஜெர்மனியில் இந்த மாதிரி ஊர்களில் சம்பளத்துக்குத் தீயணைப்பவர்கள் கிடையாது. ரொட்டிக்கடைக்காரர், வாத்தியார், பன்றிப் பண்ணைக்காரர் எல்லாரும் இடுப்பில் பீப்பரைச் செருகிக்கொண்டு திரிவோம். அது கத்தினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பெரிய வண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு எங்கள் படையில் வந்த முதல் பெண் நான். லாரி லைசென்ஸ் எடுத்து, பயிற்சி முடித்து, 'கிளட்ச்ச மிதிக்கிற காலுக்கு நெயில் பாலிஷ் போட்டியா வீப்கே?' என்ற ரகத்துப் பேச்சையெல்லாம் வருஷக்கணக்கில் கேட்டு, அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அதை எனக்கு யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை.

ஹென்னிங்கும் ஒரு காலத்தில் படையில் சேரப் பார்த்தான். முதல் பயிற்சியில் புகைக் குடிசைக்குள் போய், போன வேகத்தில் வெளியே வந்து, 'முகமூடி கண்ணாடிய அழுத்துது' என்றான். பிறகு படையின் ஆதரவாளர் சங்கத்துக்குத் தலைவர் ஆகிவிட்டான். அதற்கு முகமூடி தேவையில்லை.

அவனைப் போன்றவர்களுக்கு 'நீல விளக்கு நண்பர்கள்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. சுற்று வட்டாரத்து ஆண்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், மற்றவர்கள் ஓய்வு பெற்ற மாதிரி வாழ்கிறவர்கள். நவம்பரில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தில் போட்டி வைப்பார்கள். அதில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு மாடலின் முன்னாலும் ஒரு தேதி எழுதி வைக்க வேண்டும். அந்தத் தேதியில் நிஜ வண்டி எப்படி இருந்ததோ அப்படியே, கடைசி ஸ்டிக்கர் வரைக்கும் இருக்க வேண்டும். வைப்பர் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்பதற்கே போன வருஷம் அடிதடி வரப் பார்த்தது. ஒரு விபத்தில் நான் நசுங்கிய காருக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறேன், கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹென்னிங் கூப்பிடுகிறான்: "வீப்கே! கொஞ்சம் இடது பக்கம் நகரு. பின்னால நிக்கிற வண்டியோட மூணாவது கதவ மறைக்கிற." கையில் கேமரா. காருக்குள் இருந்தவரே தலையைத் திருப்பிப் பார்த்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பழைய வண்டி தண்ணீரை வழியிலேயே கொட்டிவிட்டுத்தான் நெருப்புக்குப் போய்ச் சேரும் என்ற நிலை வந்தபோது, ஊர்சபை புதிது வாங்க ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள வைத்தது ஹென்னிங்தான், அதை மறைக்க மாட்டேன். அவன் வரப்போகும் வண்டியை மாடலாகச் செய்து, எட்டு வருஷத்துக்கு முன் செய்து வைத்திருந்த எங்கள் தீயணைப்பு நிலையத்தின் மாடலையும் தூக்கிக்கொண்டு சபைக்குப் போனான். சபை உறுப்பினர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மேயர் லூட்கே ஒரு விரலை வண்டியின் பின்னால் வைத்து, "டுர்ர்ர்ர்" என்று வாயால் சத்தம் போட்டுக்கொண்டே அதை நிலையத்துக்குள் தள்ளினார். வண்டி கதவு வழியே அழகாக உள்ளே போனது. எல்லாரும் கை தட்டினார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பதினோரு பேர், சிலருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நிஜ நிலையம் சபைக் கட்டடத்துக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒருவரும் ஜன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

வண்டி கட்டும் கம்பெனி கதவின் உயரத்தைக் கேட்டது. மேயர் ஹென்னிங்கைக் கேட்டார். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அளவு என்றால் ஹென்னிங், ஹென்னிங் என்றால் அளவு. எங்கள் ஹென்னிங் என்ன செய்தான் தெரியுமா? டேப்பை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகவில்லை. நிலவறைக்கு இறங்கினான். மாடல் கதவை வெர்னியர் காலிப்பரால் அளந்தான், எண்பத்தேழால் பெருக்கினான். டேப் தொங்கும், சாயும், கைக்குக் கை மாறும். காலிப்பர் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் காட்டும். ஆகவே நிஜக் கதவை அளப்பதைவிட மாடல் கதவை அளப்பது துல்லியமானது. இது அவனுடைய தர்க்கம். இப்படி யோசிக்க ஒரு தனி மூளை வேண்டும், அந்த மூளையோடுதான் நான் பத்தொன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

பெருக்கி வந்தது மூன்று மீட்டர் முப்பத்தொன்பது. ஆனால் சில வருஷங்களுக்கு முன் அவனுடைய ஏணி வண்டி ஒன்று அந்த மாடல் கதவில் உரசி மேல்பக்கப் பெயின்ட் உரிந்தபோது, அவன் அரத்தை எடுத்துக் கதவின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் தேய்த்து உயர்த்தியிருந்தான். அதைச் சுத்தமாக மறந்துபோனான். மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், மர்மம் வைத்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை புது வண்டிக்கு வரவேற்பு விழா. அக்கம்பக்கத்து ஊர்ப் படைகள் சீருடையில் வந்தன. எங்கள் பேண்டு குழு வழக்கம்போல மூன்று சுருதியில் வாசித்தது. பாதிரியார் அம்மா வண்டிக்காகவும் எங்களுக்காகவும் ஜெபித்தார். சாசேஜ் கருகும் வாசனை, வெண்ணெய் கேக், பீர் எல்லாம் இருந்தன. மேயர் அட்டையில் செய்த பெரிய சாவியை எங்கள் கமாண்டர் கெரோல்டிடம் கொடுத்தார், கெரோல்ட் நிஜச் சாவியை என்னிடம் கொடுத்தார். விழாவின் உச்சகட்டம், நான் வண்டியை அதன் புது வீட்டுக்குள் ஓட்டிச் செல்வது. வழிகாட்டக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவன் ஹென்னிங். 'தலைவர்' என்று எழுதிய மேல்சட்டை போட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான்.

முன்பக்கம் உள்ளே போனது. மேலே நீல விளக்குக்கும் கதவு விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் கூரை மேல், ராத்திரி வேலைக்கு நீட்டி உயர்த்தும் விளக்குக் கம்பத்தின் பெட்டி இன்னும் உயரம். பிரேக் போட்டு ஜன்னலை இறக்கினேன்.

"ஹென்னிங், இது போகாது போலிருக்கே."

"போகும், வா."

"பின்னால பெட்டி இருக்கு. நல்லா பாத்துச் சொல்லு."

"மில்லிமீட்டர் கணக்கு வச்சிருக்கேன் வீப்கே. நீ வாயேன்! ஊரே பாத்துட்டு நிக்குது!"

மேயரும் கூவினார்: "வாங்க, வாங்க! மாடல்லயே போச்சு!"

பின்னாலிருந்து ஒரு பக்கத்து ஊர்க் குரல்: "பொம்பள பிரேக் போட்டுட்டாடோய்!" சிரிப்பு. பேண்டு குழுவின் பெரிய தப்பட்டைக்காரன் அதற்கு ஒரு அடி வேறு போட்டான்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நகர்ந்தது. பிறகு கேட்ட சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. விளக்குக் கம்பம் பெட்டியோடு மடங்கிக் கூரைக்குள் இறங்கியது, கதவின் மேலிருந்து செங்கல் இரண்டு விழுந்து ஒன்று வெண்ணெய் கேக் மேசை வரைக்கும் உருண்டது. பேண்டு நின்றது. நான் இறங்கினேன். ஹென்னிங்கின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன. அவனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஜெர்மனியில் பின்னால் ஆள் நின்று கை காட்டினாலும் பொறுப்பு ஓட்டுகிறவருடையது. அது சட்டம், அதில் எனக்குத் தகராறு இல்லை. எங்கள் படையில் இன்னொரு சட்டம் உண்டு, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. யார் தப்புச் செய்தாலும் எல்லாருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். ஹெல்மெட்டை மறந்தால் ஒரு பெட்டி, பேப்பரில் போட்டோ வந்தால் ஒரு பெட்டி, பீப்பரைக் கழிப்பறைக்குள் போட்டால் இரண்டு. வாங்கித் தந்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது, அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆனால் வாங்கித் தருவது என்றால் தப்பை ஒப்புக்கொள்வது.

அடுத்த வாரம் நிலையத்து மேல்மாடியில் கூட்டம். மேயரும் வந்திருந்தார். டேப் வைத்து இப்போது எல்லாரும் கதவை அளந்திருந்தார்கள், தனித்தனியாக, சிலர் இரண்டு தடவை. மூன்று மீட்டர் முப்பது. வண்டி மூன்று முப்பத்து நாலு. உள்ளே போகவே போகாது.

"அந்த முப்பத்தொன்பது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் கெரோல்ட்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ப்ரூனிங் வீட்லேர்ந்துதான் வந்துச்சு," என்றார் மேயர். ப்ரூனிங் எங்கள் குடும்பப் பெயர், அதை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ப்ரூனிங் வீட்ல ரெண்டு பேர் இருக்கோம் மேயர். நான் அளக்கல. அவரக் கேளுங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. மேயர் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "ஹென்னிங் அளந்தா தப்பு வருமாங்க? அவரு போன வருஷம் தங்கக் கோப்பை வாங்கினவரு. அந்த மாடல்ல வண்டி உள்ள போனத நாங்க எல்லாரும் கண்ணால பாத்தோம்."

"மாடல்ல போச்சு. நிஜத்துல போகலயே!"

"அதத்தானே சொல்றேன். நிஜத்துலதான் எங்கயோ தப்பு நடந்திருக்கு."

நான் ஹென்னிங் பக்கம் திரும்பினேன். ஆதரவாளர் சங்கத் தலைவர் என்ற முறையில் அவனும் மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"வாயத் தொறந்து சொல்லு. யாரு அளந்தது?"

அவன் தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தான். "என் மாடல்ல தப்பில்ல," என்றான்.

"அத கேக்கல. யாரு அளந்ததுன்னு கேட்டேன்."

"என் மாடல்ல தப்பில்ல. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

அவ்வளவுதான் அவன் சொன்னான். பத்தொன்பது வருஷம். அந்த நாற்காலியைத் தூக்கி அவன் மேல் எறிந்திருப்பேன், ஆனால் அதற்கும் ஒரு பெட்டி பீர் கேட்டிருப்பார்கள்.

முடிவு இதுதான்: விஷயம் தெளிவாகும்வரை வீப்கே பெரிய வண்டியை ஓட்ட வேண்டாம், தோர்பென் ஓட்டட்டும். தோர்பென் நல்ல பையன். மீசை வைத்திருக்கிறான், ரிவர்ஸ் வராது. "ஒரு பெட்டிய வாங்கிக் குடுத்துட்டு முடிச்சுக்கயேன், எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?" என்று கெரோல்ட் படியிறங்கும்போது காதோடு சொன்னார். மாட்டேன் என்றேன். பீர் எனக்குப் பிரச்சினை இல்லை, அதை வாங்கி வைத்த நிமிஷம் அந்த ஒன்பது சென்டிமீட்டர் என் பெயருக்கு எழுதப்பட்டுவிடும்.

அன்று வீட்டில் கேட்டேன்.

"எத அளந்த ஹென்னிங்?"

"கதவ."

"எந்தக் கதவ?"

"ஓஸ்டர்வேடே தீயணைப்பு நிலையத்துக் கதவ," என்று சொல்லிவிட்டு நிலவறைக்குப் போய் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். மறுநாள் அதற்குப் பூட்டும் வந்தது. போட்டி வேலை நடக்கிறதாம், ரகசியமாம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பூட்டிய கதவை என்ன செய்வது? தீயணைப்புக் கோடாலி நிலையத்தில் இருந்தது, நிலையத்தின் சாவி தோர்பெனிடம் இருந்தது.

புது வண்டி வெளியே தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. கதவை இடித்துக் கட்ட இந்த வருஷம் வழியில்லை என்று சபை சொல்லிவிட்டது. அக்டோபரில் குளிர் இறங்கியதும், தொட்டித் தண்ணீர் உறையாமல் இருக்க வண்டிக்கு அடியில் பன்றிக்குட்டிகளுக்குப் போடும் சூட்டு விளக்கைத் தொங்கவிட்டார்கள். ராத்திரி அந்தப் பக்கம் போனால் தார்ப்பாய்க்குள் சிவப்பாகத் தெரியும். பீப்பர் கத்தினால் நான் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். தோர்பென் கியரைத் தேடும் சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன வீப்கே, இந்தக் கதவு வழியா வந்தா பரவாயில்லையா, குனியணுமா?" என்று கேட்டார்கள். அழுகை வந்தது. சிரித்தேன்.

நவம்பரில் போட்டி. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேக் விற்கும் மேசைக்கு ஆள் போதவில்லை, வெண்ணெய் கேக் வெட்டுவது மட்டும் இன்னும் என்னிடமிருந்து பறிக்கப்படவில்லை.

ஹென்னிங்கின் படைப்பு அரங்கத்தின் நடுவில் இருந்தது. மேலே மூடியிருந்த துணியை அவன் எடுத்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அவன் வரவேற்பு விழாவையே செய்து வைத்திருந்தான். ஜூன் மாதத் தேதி. கதவில் பாதி நுழைந்து சிக்கிய வண்டி, மடங்கிய கம்பம், விழுந்த செங்கல், கேக் மேசை, வாயைத் திறந்த மேயர், தப்பட்டைக்காரன், கையில் அட்டைச் சாவியோடு கெரோல்ட். சாசேஜ் கருகியிருந்தது. என் வாழ்க்கையின் மிகக் கேவலமான நிமிஷத்தை இடுக்கியால் பிடித்துப் பிடித்து, ஐந்து மாதம் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான். வீட்டில் என்னோடு ஐந்து வார்த்தை பேசாத ஐந்து மாதம்.

நடுவர் டாக்டர் ஷ்ட்ரூவே ஓய்வு பெற்ற பல் மருத்துவர். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாடல்களையும் வாயைத் திறக்கச் சொல்லிவிடுவார் போலப் பார்ப்பார். அவர் குனிந்தபோது, பக்கத்து ஊர் உல்ஃப் காசபாம் கையைத் தூக்கினான். மூன்று வருஷமாக ஹென்னிங்கிடம் தோற்று வெள்ளிக் கோப்பையோடு வீட்டுக்குப் போகிறவன். கையில் சங்கத்துப் பத்திரிகை.

"டாக்டர், ஒரு ஆட்சேபம். இது போன வருஷம் தங்கம் வாங்கின மாடலோட படம். இதே நிலையம். நான் படத்தப் பெருசாக்கி அளந்து பாத்தேன். போன வருஷம் இருந்த கதவவிட இந்த வருஷக் கதவு ஒரு மில்லிமீட்டர் தாழ்வு."

அரங்கம் அமைதியானது. ஊரில் ஆள் செத்தால்கூட இவர்கள் இவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

"வண்டி சிக்கணுமேன்னு கதவத் தாழ்த்திட்டான்," என்றான் உல்ஃப். "கதைக்காக அளவ மாத்திட்டான். இதுக்கு நாலு புள்ளி போகணும்."

ஹென்னிங்கின் முகம் சிவந்தது. கழுத்து சிவந்தது. நான் அவனைத் திட்டியபோது, கெஞ்சியபோது, ஒரு தடவை தட்டை உடைத்தபோதுகூட அந்தச் சிவப்பை நான் பார்த்ததில்லை.

"நானா? அளவ மாத்தினேனா?" கத்தினான். "இந்தக் கதவுதான்டா சரி! முப்பத்தெட்டு மில்லிமீட்டர், போய் நிஜத்த அளந்து பாரு! போன வருஷக் கதவுதான் தப்பு. ஏணி வண்டி உரசுதுன்னு நான்தான் அரம் போட்டுத் தேச்சு ஒசத்தினேன். அந்தத் தப்புக் கதவ அளந்துதான் கம்பெனிக்கு முப்பத்தொன்பதுன்னு எழுதினோம். இப்ப ஒரு மில்லிமீட்டர் பட்டை ஒட்டித் திருத்தியிருக்கேன். கிட்ட வந்து பாரு, ஒட்டின கோடே தெரியாது!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன். போட்டியைத் தொடங்கி வைக்க வந்திருந்த மேயர் என் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார், வாயில் வெண்ணெய் கேக். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. மாடலில் இருந்த மேயரும் நிஜ மேயரும் முதல்முறையாக ஒரே மாதிரி இருந்தார்கள்.

"எழுதினோமா?" என்றேன் நான், கத்தியைக் கீழே வைக்காமல். "அந்த 'ஓம்'ல நானும் இருக்கேனா ஹென்னிங்?"

"இல்ல," என்றான். "நான்தான்."

கெரோல்ட் தொண்டையைக் கனைத்தார். "அப்படின்னா ஒரு பெட்டி, ஹென்னிங்."

"ஒண்ணா?" என்று தோர்பென் பின்னாலிருந்து கேட்டான். "அஞ்சு மாசம் என்னை ரிவர்ஸ் எடுக்க வச்சதுக்கு?"

கெரோல்ட் பாக்கெட்டிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து, கேக் மேசை மேல், சர்க்கரைத் தூளுக்குப் பக்கத்தில் வைத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் ஊரில் அதிகம் புழங்காது. "இனிமே நீயே எடு," என்றார். எடுத்துக்கொண்டேன். சந்தோஷம்தான், ஆனால் அதில் பாதி ஆத்திரம். ஒரு மனைவிக்காக ஐந்து மாதம் வராத உண்மை, நாலு புள்ளிக்காக ஒரே மூச்சில் வந்துவிட்டதே!

ஆட்சேபம் தள்ளுபடி ஆனது. கதவுக்கு முழுப் புள்ளி. உல்ஃப் போன வருஷத் தங்கத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் குதித்தான், அதைத் தனிக் கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார்கள். ஹென்னிங் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கோப்பை கைக்கு வந்துவிட்ட மாதிரி நின்றான். அப்போது டாக்டர் ஷ்ட்ரூவே இன்னும் குனிந்து, சின்ன விளக்கை வண்டியின் முன்கண்ணாடிக்குள் அடித்தார்.

"ஓட்டுறது யாரு?"

"என்ன டாக்டர்?"

"ஜூன் மாசத் தேதி போட்டிருக்கீங்க. அன்னைக்கு நானும் அங்க இருந்தேன், சாசேஜ் சாப்பிட்டுட்டு. ஓட்டினது உங்க வீட்டம்மா. இங்க மீசை வச்ச ஆள் உக்காந்திருக்காரு."

ஹென்னிங் குனிந்து பார்த்தான். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தேன். ஆமாம், மீசை. அரிசியில் பாதி அளவு தலை, அதில் கறுப்பாக ஒரு கோடு. சாசேஜின் கருகல் வரைக்கும் வைத்தவன், விழுந்த செங்கல்லின் உடைந்த மூலை வரைக்கும் வைத்தவன், அந்த இருக்கையில் தோர்பெனை வைத்திருந்தான்.

"ஒரு புள்ளி," என்றார் டாக்டர். அந்த ஒரு புள்ளியில் உல்ஃப் தங்கம் வாங்கினான். உல்ஃபுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கக் கேக்கைத் தின்ன வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க ஹென்னிங் இழவு வீட்டில் இருப்பவனைப் போல இருந்தான். பீர் பெட்டிகளை நிலையத்துக்குத் தூக்கிப் போனான், இரண்டு தடவை. மருந்துக்கடையில் கதவு ஜோக் நின்றது, வேறு ஜோக் தொடங்கியது, அதில் நான் இல்லை. முதல் அழைப்புக்கு நான் தார்ப்பாயை இழுத்து, ஏறி உட்கார்ந்து, ஒரே திருப்பில் தெருவுக்கு வந்தபோது பின்னிருக்கையில் தோர்பென், "அப்பாடா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நிலவறையிலிருந்து கூப்பிட்டான். பூட்டு இல்லை. போனேன்.

"அந்த ஸ்டூல்ல உக்காரு. ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கைய வை."

"எதுக்கு?"

"உன்னைச் செய்யப் போறேன். வசந்தத்துல இன்னொரு போட்டி இருக்கு." கையில் காலிப்பரோடு என் தோளுக்கு வந்தான், அப்புறம் நின்றான். "உன் முடி எப்பயும் இந்த நிறமா?"

"நாலு வருஷமா இந்த நிறம்."

"யாரும் சொல்லலயே," என்றான், என் மேலேயே பழியைப் போட்டு. அப்புறம், கோபமில்லாமல், உண்மையான துக்கத்தோடு: "நீ ஞாபகப்படுத்தியிருந்தா தங்கம் நமக்கு வந்திருக்கும் வீப்கே."

நான் எழுந்து அந்த விழா மாடலின் முன்னால் போய் நின்றேன். அன்று அரங்கத்திலேயே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். உல்ஃப் கவனிக்கவில்லை, டாக்டர் கவனிக்கவில்லை. இத்தனை நாளும் அதை வாய்க்குள் வைத்திருந்தேன்.

"ஹென்னிங், அன்னைக்கு இந்தக் கதவுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னான். மேல்சட்டையில 'தலைவர்'னு எழுதியிருந்துச்சு. ரெண்டு கையையும் தூக்கி 'வா வா'ன்னு ஆட்டிட்டிருந்தான். அவன் எங்க?"

அவன் மாடலைப் பார்த்தான். மேயர் இருந்தார், கெரோல்ட் இருந்தார், தப்பட்டைக்காரன் இருந்தான். கதவின் பக்கத்தில், அவன் நின்ற இடத்தில், சுத்தமாகப் பெயின்ட் அடித்த வெறும் தரை.

"கை தூக்கின பொம்மை கடையில கெடைக்கல," என்றான்.

"பரவால்ல. நீதான் கை தேர்ந்தவனாச்சே, செஞ்சுக்கோ. மொதல்ல அவனச் செய். அவன் அங்க நின்னப்பறம் என்னை அளக்கலாம்."

"வைக்கலன்னா?"

"உல்ஃபோட போன் நம்பர் எங்கிட்ட இருக்கு."

ஹென்னிங் காலிப்பரைக் கீழே வைத்தான். பொம்மைப் பெட்டியைத் திறந்து, கையைத் தொங்கவிட்ட ஒருவனை இடுக்கியால் பிடித்து விளக்கடியில் வைத்து, அவன் தோளை அறுக்கத் தொடங்கினான். கத்தி சறுக்கியதில் முதல் ஆள் வீணானான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அவசரமில்லை.